ராஃபிள்ஸ் ஹோட்டலில் சுட்ட புலிதான் சிங்கப்பூரின் கடைசிப் புலியா?

வாசகர் கேள்வி: 4 மே 2024, மாலை 6.20

போன வாரம் சிங்கப்பூர் வந்திருந்தோம். ராஃபிள்ஸ் ஹோட்டல் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டி ஒருவர், "சிங்கப்பூரின் கடைசிப் புலியை இங்கேதான், பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் வைத்துச் சுட்டார்கள்" என்றார். உண்மையா? இன்னொன்று: பணக்காரர்கள் தங்கும் ஒரு ஹோட்டலுக்கு எதற்கு இத்தனை மரியாதை? சிங்கப்பூரில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

4 மே, இரவு 9.40

புலி உண்மை. மேசை பொய். "கடைசி" என்பதும் பொய்.

1902 ஆகஸ்ட் மாதம். பீச் ரோட்டில் கூடாரம் போட்டிருந்த ஒரு வித்தைக்காட்சியிலிருந்து தப்பிய புலி அது. காட்டுப் புலி அல்ல, கூண்டுப் புலி. ஹோட்டலின் பார் அண்டு பில்லியர்ட் ரூம் அப்போது தரையிலிருந்து உயர்த்தி, தூண்கள்மேல் நின்ற கட்டடம். அதன் அடியில் இருந்த இருட்டான இடைவெளியில் போய்ப் புலி பதுங்கிக்கொண்டது. பிராஸ் பாசா சாலைக்கு எதிர்ப்புறம் ராஃபிள்ஸ் பள்ளிக்கூடம் இருந்தது. அதன் தலைமையாசிரியர் சி. எம். பிலிப்ஸ் துப்பாக்கி சுடத் தெரிந்தவர். முந்தைய இரவு ஆளுநர் மாளிகையில் நடன விருந்துக்குப் போய்வந்திருந்தவரை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். முதலில் சுட்டவை குறி தவறின. பிறகு இருட்டில் கண்கள் மின்னிய இடத்தைப் பார்த்துச் சுட்டதில் புலி விழுந்தது.

கட்டடத்தின் பெயரில் "பில்லியர்ட்" இருந்ததால், கட்டடத்துக்கு அடியில் இருந்த புலி சொல்பவர் வாயில் மேசைக்கு அடியில் போய்விட்டது.

சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலி சுடப்பட்டது 1930இல், சுவா சூ காங்கில். அங்கே வாசல் இல்லை, விசிறிவாழை இல்லை, நின்று படம் எடுக்க எதுவும் இல்லை. அதனால் அந்தப் பட்டத்தைக் கூண்டுப் புலி வாங்கிக்கொண்டது.

4 மே, இரவு 10.05

புலி எப்படி இந்தத் தீவுக்கு வந்தது என்று உடனே ஒருவர் கேட்டிருக்கிறார். மலாயாவிலிருந்து ஜொகூர் நீரிணையை நீந்தி வந்தது. 1840களில் காட்டை அழித்து கேம்பியர் (தோல் பதனிட உதவும் செடி), மிளகுத் தோட்டம் போட்ட சீனத் தொழிலாளிகளைப் புலிகள் அடித்தன. நாளுக்கு ஒருவர் செத்தார் என்று அக்காலத்தில் பேச்சு இருந்தது. அது மிகையான கணக்கு. ஆனால் புலியைக் கொன்றுவந்தவருக்கு அரசு பரிசுப்பணம் கொடுத்தது உண்மை. அந்தத் தொழிலாளிகளின் பெயர் எந்த வழிகாட்டியின் வாயிலும் வருவதில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

5 மே, காலை 7.30

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எதற்கு மரியாதை என்று கேட்டீர்கள். அதற்கு முதலில் இது யாருடைய ஹோட்டல் என்று பார்க்கவேண்டும்.

ராஃபிள்ஸ் என்ற பெயரைப் பார்த்து ஆங்கிலேயர் கட்டிய ஹோட்டல் என்று பலர் நினைக்கிறார்கள். இடம் அல்சகோஃப் என்ற அரபு வணிகக் குடும்பத்தினுடையது. அதைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர்கள் பாரசீகத்தின் இஸ்பஹானிலிருந்து வந்த ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள். பினாங்கில் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல், பிறகு ரங்கூனில் ஸ்டிராண்ட், இரண்டுமே அவர்கள் கைவண்ணம். 1887 டிசம்பர் 1 அன்று இங்கே அவர்கள் திறந்தது 10 அறைகள் கொண்ட ஒரு பழைய பங்களாவை. அதற்கு முன் அது எமர்சன் என்ற மருத்துவர் நடத்திய ஹோட்டல். அவர் இறந்த பிறகு ராஃபிள்ஸ் பள்ளிக்கூடத்து விடுதி.

இன்று எல்லோரும் படம் எடுக்கும் மூன்று மாடி வெள்ளைக் கட்டடம் 1899இல் எழுந்தது. வடிவமைத்தவர் ஸ்வான் அண்டு மெக்லாரன் நிறுவனத்தைச் சேர்ந்த பிட்வெல். மின்விளக்கும் மின்விசிறியும் வைத்துத் திறந்தார்கள். அந்தக் காலத்தில் இந்த வட்டாரத்து ஹோட்டல்களில் அது பெரிய சங்கதி.

வாசலில் தலைப்பாகையோடு சீக்கியர். மது ஊற்றியவர் ஹைனான் தீவுக்காரர். பெயர் ஆங்கிலேயருடையது, நிலம் அரபுக்காரருடையது, கல்லாப்பெட்டி ஆர்மீனியருடையது. இதைவிடச் சிங்கப்பூர் வேறெங்கே இருக்கிறது?

5 மே, மதியம் 1.15

விசிறிவாழை என்று எழுதியது என்ன மரம் என்று கேட்கிறார்கள். ஹோட்டல் முற்றத்தில் விரித்த விசிறிபோல நிற்கும் மரம். ஹோட்டலின் சின்னமும் அதுதான். ஆங்கிலத்தில் அதைப் பனை என்கிறார்கள், தமிழில் வாழை என்கிறோம். இரண்டும் அல்ல. சொந்த ஊர் மடகாஸ்கர். இலைக்காம்பின் அடியில் மழைநீர் தேங்கும்.

6 மே, இரவு 11.00

ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கைப் பற்றிக் கேட்டவருக்கு.

1889இல் அவருக்கு 23 வயது. பத்திரிகைக்காரராகப் பயணம் போனவர் சிங்கப்பூரில் இறங்கினார். ராஃபிள்ஸில் சாப்பாடு அருமை, அறைகள் மோசம் என்று எழுதினார். ராஃபிள்ஸில் சாப்பிடுங்கள், தங்குவதற்கு ஹோட்டல் டி லா யூரோப்புக்குப் போங்கள் என்பது அவர் பயணிகளுக்குச் சொன்ன யோசனை. சகோதரர்களில் ஹோட்டலை நடத்திய டிக்ரான் சார்க்கீஸ் என்ன செய்தார்? முதல் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை வெட்டிவிட்டு விளம்பரம் போட்டார்.

இது ஏமாற்று வேலை என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. வெட்டிய பாதியை அவர் மறக்கவில்லை. பத்தே ஆண்டுகளில் அந்தக் குறையைச் சரிசெய்ய 1899 கட்டடத்தையே எழுப்பிவிட்டார். திட்டியவனுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஹோட்டல் டி லா யூரோப் இன்று இல்லை. 1930களில் அதை இடித்துத்தான் உச்ச நீதிமன்றத்தைக் கட்டினார்கள். இப்போது அது தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதி. நல்ல அறைகள் வைத்திருந்த ஹோட்டல் போய்விட்டது. மோசமான அறைகள் வைத்திருந்தது நிற்கிறது.

8 மே, காலை 6.50

பீச் ரோடு என்று பெயர், கடற்கரை எங்கே என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நியாயமான கேள்வி. ஹோட்டல் தொடங்கிய காலத்தில் வாசலுக்கு எதிரே கடல். கிப்ளிங் நடந்து வந்ததும் கடற்கரை ஓரமாகத்தான், கப்பல்களைப் பார்த்துக்கொண்டே. பிறகு மண் கொட்டிக் கொட்டி நிலத்தை நீட்டினார்கள். மரினா சென்டர் பக்கம் 1970களில் நடந்த நிலமீட்புக்குப் பிறகு கடல் கண்ணுக்கே தெரியாத தூரம் போய்விட்டது. ஹோட்டல் நகரவில்லை, கடல்தான் நகர்ந்தது. நான் எஸ்பிளனேட் நிலையத்தில் எம்ஆர்டி ரயிலை விட்டு இறங்கி நடக்கும்போதெல்லாம் காலடியில் இருந்த தண்ணீரை நினைத்துக்கொள்வேன்.

8 மே, இரவு 8.30

சிங்கப்பூர் ஸ்லிங் என்ற பானம். எழுதவேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஹோட்டல் சொல்வது: 1915இல் நியாம் டோங் பூன் என்ற ஹைனான்காரர், லாங் பாரில் மது கலப்பவர், உருவாக்கினார். ஜின், செர்ரி பிராந்தி, பெனடிக்டின், எலுமிச்சை, அன்னாசிச் சாறு. அக்காலத்தில் பெண்கள் பொது இடத்தில் மது குடிப்பது அழகல்ல என்று இருந்ததால், பழச்சாறு போலத் தெரியும்படி இளஞ்சிவப்பாகக் கலந்தார் என்று கதை.

நான் சொல்வது: 1903ஆம் ஆண்டுச் செய்தித்தாள் ஒன்றிலேயே இளஞ்சிவப்பு ஸ்லிங் பற்றிய வரி இருக்கிறது. ஆகவே ஊரில் ஏற்கெனவே புழங்கிய பானத்துக்கு அவர் தன் கைப்பக்குவத்தைக் கொடுத்திருக்கலாம். சமையலில் நாம் காண்பதுதானே. சாம்பாரைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரியாது, எங்கள் தெருவில் நல்ல சாம்பார் வைத்தவர் யார் என்று தெரியும்.

எனக்கு முக்கியம் அந்த மனிதரின் ஊர். ஹைனான்காரர்கள் இங்கே மற்றச் சீனர்களுக்குப் பின்னால் வந்தவர்கள். நல்ல வணிகங்களை ஹொக்கியன், தியோசூ மக்கள் ஏற்கெனவே பிடித்திருந்தார்கள். அதனால் இவர்கள் வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைக்கும் ஹோட்டல்களுக்கும் கப்பல்களுக்கும் வேலைக்குப் போனார்கள். ஹோட்டலின் பின்புறம் சீ ஸ்ட்ரீட், பர்விஸ் ஸ்ட்ரீட், மிடில் ரோடு என்று அவர்கள் குடியிருந்த தெருக்கள் இன்றும் இருக்கின்றன. பர்விஸ் ஸ்ட்ரீட்டில் கோழிச்சோறு சாப்பிட்டுவிட்டு, இரண்டு நிமிடம் நடந்து ஹோட்டலின் முன்வாசலுக்கு வாருங்கள். அந்த இரண்டு நிமிடத் தொலைவில் ஒரு சமூகத்தின் நூறாண்டு இருக்கிறது.

11 மே, இரவு 10.20

எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா பத்து வயதில் தாத்தாவோடு ராஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர். பத்தொன்பது வயதில் ஒரு சலவைக்கூடத்தில் சேர்ந்தார். ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக மேசைவிரிப்பும் கைத்துண்டும் வரும். கஞ்சி போட்டு, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் இஸ்திரி போடவேண்டும். காய்ந்துவிட்டால் மடிப்பு நிற்காது, அதிகம் ஈரமாக இருந்தால் மஞ்சள் தட்டும். அவருடைய வலது மணிக்கட்டின் உள்பக்கம் பிறை வடிவத்தில் ஒரு சூட்டுத் தழும்பு உண்டு. சின்ன வயதில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். "ராஃபிள்ஸ் ஹோட்டல் துணியில் வாங்கிய சூடு" என்பார்கள் எங்கள் வீட்டில். பஸ்ஸில் பீச் ரோடு வழியாகப் போனால் அப்பா ஜன்னல் பக்கம் விரல் நீட்டுவார். எங்களுக்கு அது அப்பாவின் ஹோட்டல்.

12 மே, மதியம் 2.00

போர்க்காலம் பற்றிச் சுருக்கமாக. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஹோட்டலுக்கு சியோனான் ரியோக்கான் என்று பெயர் வைத்து அதிகாரிகள் தங்கினார்கள். சியோனான் என்பது ஜப்பானியர் சிங்கப்பூருக்கு வைத்த பெயர், ரியோக்கான் என்றால் பயணியர் விடுதி. கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். ஊழியர்கள் வெள்ளிப் பாத்திரங்களைப் பாம் கோர்ட் தோட்டத்தில் புதைத்துக் காப்பாற்றினார்கள் என்று ஹோட்டலின் வரலாறு சொல்கிறது. போர் முடிந்ததும் சிறைமுகாம்களிலிருந்து விடுபட்டவர்களை இங்கே தங்கவைத்தார்கள்.

இந்த வெள்ளிக் கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் அதே ஆண்டுகளில் நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில் செத்தார்கள். இரண்டையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

13 மே, காலை 7.10

"இந்தியக் கைதிகள் கட்டிய ஹோட்டல்தானே?" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த கைதிகளின் முகாமை 1873இலேயே மூடிவிட்டார்கள். 1899 கட்டடத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. ஆனால் இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அவர்களுடைய சிறை இருந்தது பிராஸ் பாசா சாலையில்தான், ஹோட்டலிலிருந்து நடை தூரம். நீங்கள் பார்க்கவேண்டியது செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். அதுவும் பக்கத்தில்தான். 1861இல் கட்டி முடித்தது. அதைக் கட்டியவர்கள் நம் கைதிகள்.

அந்தச் சுவரைப் போய்த் தொட்டுப் பாருங்கள். மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறவைத்த தண்ணீர், எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசிக் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் கன்னம் வைத்துக் குளிர்ச்சியை அனுபவித்தவர்களுக்கு அது என்னவென்று புரியும்.

19 மே, இரவு 11.45

திருத்தம். 11 மே அன்று எழுதியது தவறு.

அக்கா இதைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா இஸ்திரி போட்டது ராஃபிள்ஸுக்கு இல்லையடா, அடெல்ஃபிக்கு" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று மாலை அப்பாவிடமே போய்க் கேட்டேன். அவருக்கு 84 வயது. ஞாபகம் தெளிவாக இருக்கிறது. ஆமாம், அடெல்ஃபிதான். தேவாலயத்துக்கு எதிரே இருந்த ஹோட்டல். 1980இல் இடித்துவிட்டார்கள். ராஃபிள்ஸ் துணியை அவர் கையால் தொட்டதே இல்லை.

பிறகு ஏன் பஸ்ஸில் போகும்போது விரல் நீட்டினீர்கள் என்று கேட்டேன்.

"அடெல்ஃபிதான் இல்லையே. நீங்கள் ஹோட்டல் என்றால் என்ன என்று கேட்டீர்கள். இந்த மாதிரி இருக்கும் என்று காட்டினேன்" என்றார்.

நாங்கள்தான் அந்த விரலைத் தவறாகப் புரிந்துகொண்டு நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாலையிலிருந்து இதே நினைப்பு. புலிக் கதையிலும் இதுதான் நடந்திருக்கிறது. வித்தைக்கூடாரம் போய்விட்டது. பிலிப்ஸ் வேலைபார்த்த பள்ளிக்கூடத்தையும் இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது ராஃபிள்ஸ் சிட்டி வணிக வளாகம். சுவா சூ காங் காடு அடுக்குமாடி வீடுகளாகிவிட்டது. கதைகளுக்குத் தங்க இடமில்லை. நிற்கிற ஒரே கட்டடத்தில் வந்து எல்லாம் தங்கிக்கொள்கின்றன.

20 மே, காலை 6.30

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். கேள்வி கேட்டவருக்கு என் பதில் அதுதான் என்று நினைக்கிறேன். மரியாதை பணக்காரர்களுக்கு அல்ல. இந்த ஊர் இடித்துத் தள்ளியவற்றின் ஞாபகங்களெல்லாம் அந்த வெள்ளைச் சுவரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

23 மே, இரவு 9.10

"அதுவும் புதுசுதானே, எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்களே" என்கிறார் ஒருவர். பாதி ஒத்துக்கொள்கிறேன்.

1931இல் சார்க்கீஸ் நிறுவனம் திவாலானது. உலகப் பொருளாதார மந்தம், ரப்பர் விலை வீழ்ச்சி. 1933இல் புதிய நிறுவனமாக எழுந்தது. 1980களில் ஹோட்டல் மிகவும் தளர்ந்துபோயிருந்தது. எதிரே 1986இல் வெஸ்டின் ஸ்டாம்ஃபர்ட் 73 மாடியுடன் திறந்தபோது உலகிலேயே உயரமான ஹோட்டல் அதுதான். அதன் நிழலில் இந்த மூன்று மாடி. ஆனால் 1987இல், ஹோட்டலுக்கு நூறு வயதான அதே ஆண்டில், அரசு இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. 1989இல் மூடி, 16 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) செலவில் புதுப்பித்து, 1991இல் திறந்தார்கள். 1915இல் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுபோவது என்று முடிவு. பின்னால் சேர்ந்த பகுதிகள் சில போயின. லாங் பார் இடம் மாறியது. கடைத்தொகுதி ஒன்று புதிதாக முளைத்தது. 2017இல் மீண்டும் மூடி 2019இல் திறந்தார்கள். இப்போது உரிமையாளர் கத்தார் நாட்டு நிறுவனம், நடத்துவது பிரெஞ்சு நிறுவனம்.

1915ஐத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு கட்டடத்தை அதன் மிக அழகான வயதில் நிறுத்திவைப்பது, தாத்தாவின் கல்யாணப் படத்தை மட்டும் சுவரில் மாட்டிவிட்டு மற்றதையெல்லாம் பெட்டியில் போடுவதுபோல. போர் ஆண்டுகளும், வறுமை ஆண்டுகளும், மழை ஒழுகிய 1970களும் எங்கே? ஆனாலும் இடித்திருந்தால் இதைப் பேசவே ஆளிருந்திருக்காது. அடெல்ஃபியைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறோம்?

24 மே, காலை 8.00

டிபன் என்ற சொல்லைப் பற்றி ஒரு வரி. ஹோட்டலில் டிபன் ரூம் என்று ஒரு சாப்பாட்டு அறை உண்டு. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் சிறிது குடிப்பதைக் குறித்த கொச்சைச் சொல்லிலிருந்து வந்தது டிபன். பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் பெயரானது. அங்கே அவர்கள் சோறும் கறியும் சாப்பிட்டார்கள். நமக்கு டிபன் என்றால் இட்லி, தோசை. சோறு டிபன் ஆகாது. அதே சொல்லை வாங்கி நேர் எதிராக வைத்துக்கொண்டோம்.

2 ஜூன், இரவு 10.30

இன்று அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். அக்காவும் வந்தாள். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த ஊரில் வேலை செய்து வாழ்ந்தவர் அந்த வாசலுக்குள் காலடி வைத்தது இன்றுதான். சீக்கியக் காவலர் கதவைத் திறந்து "வாங்க ஐயா" என்று தமிழிலேயே சொன்னார். அப்பா நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

டிபன் ரூமில் உட்கார்ந்தோம். இப்போது அங்கே வட இந்தியச் சாப்பாடு. அக்கா உணவுப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. தட்டின் மேலிருந்த வெள்ளைக் கைத்துண்டை எடுத்தார். பிரித்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ஓரத் தையலில் கட்டைவிரலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடவிட்டார். திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தார். சட்டைக்கை மேலேறி அந்தப் பிறைத் தழும்பு தெரிந்தது.

"கஞ்சி குறைவு. நூல் நல்ல நூல்" என்றார்.

சாப்பிட்டு முடித்து எழுந்தபோது துண்டை மூன்றாக மடித்து, மடிப்பை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து, தட்டுக்கு இடது பக்கம் வைத்தார். எடுக்க வந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, மற்றத் துண்டுகளைக் கூடையில் போட்டவன், இதை மட்டும் மடிப்புக் கலையாமல் மேலே வைத்துக்கொண்டு போனான்.

அடெல்ஃபியில் அப்படித்தான் மடிப்பார்களா என்று வரும் வழியில் கேட்டேன். ஆமாம் என்றார். பஸ் பிராஸ் பாசா சாலையில் திரும்பியது. தேவாலயம் இருக்கும் பக்கம் விரலை நீட்டி, "அதோ அந்த மூலையில் இருந்தது" என்றார். இந்த முறை விரல் போன இடத்தைச் சரியாகப் பார்த்துக்கொண்டேன்.